கங்கையம்மன் வளைவில் ஒரு கை

அந்த எஸ்எம்எஸ் வந்தபோது நான் இட்லிக்கு வடகறி தொட்டுக்கொண்டிருந்தேன். போன் என் மனைவியுடையது. அவள் குளிக்கப் போயிருந்தாள். அடுத்தவர் போனைப் பார்ப்பது தப்பு என்று எனக்கும் தெரியும். ஆனால் வடகறி சாப்பிடும்போது எதையாவது படித்துக்கொண்டே சாப்பிடுவது என் பழக்கம். அன்றைக்குப் பேப்பர் வரவில்லை.

எங்கள் ஆட்டோவின் எண், ஒரு தேதி, ஒரு நேரம், கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு இடம். வாகனம் ஓட்டும்போது கைபேசியில் பேசிய குற்றத்துக்காக அபராதம்.

"இன்னாமே, ஆட்டோ ஓட்டிக்கினே போன் பேசுனியா?" என்று குளியலறைக் கதவைப் பார்த்துக் கத்தினேன்.

தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றது. "யாரு, நானா? காலைல நான் போனயே எடுத்துக்கினு போறதில்லையே. எடுத்துக்கினு போனா நீ கூப்ட்டுக்கினே கீற."

இது உண்மை. நான் மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட்டில் எலெக்ட்ரீஷியன். பல்பு மாற்றுவதற்கும் பல்பு மாற்றுவதற்கும் நடுவில் நிறைய நேரம் கிடைக்கும். அந்த நேரத்தில் மனைவியைக் கூப்பிட்டு, எனக்குத் தோன்றிய ஜோக்குகளைச் சொல்வேன். அவள் கடப்பாக்கத்துக்கும் கல்பாக்கத்துக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறாள். ஒரு சாலையில், ஒரே நேரத்தில், லாரியையும் என் ஜோக்கையும் சமாளிக்க முடியாது என்று முடிவெடுத்து, காலைச் சவாரிக்குப் போகும்போது போனை வீட்டிலேயே சார்ஜில் போட்டுவிட்டுப் போவாள்.

அபராதத்தோடு ஒரு போட்டோவும் இருக்கும், இணையத்தில் பார்க்கலாம் என்று என் மச்சான், அதாவது அவள் தம்பி, சொன்னான். அவன் ஐஸ் ஃபேக்டரியில் வேலை செய்கிறான். இதுவரை வாங்கிய அபராதங்களின் பலத்தால் தன்னை ஒரு வக்கீலாகவே நினைத்துக்கொள்கிறவன். உடனே வந்து, போட்டோவைத் திறந்து காட்டினான். எங்கள் ஆட்டோதான். ஓட்டுவது அவள்தான். வலது கை ஹேண்டில் பாரில் இருக்கிறது. இடது கை காதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளங்கையில் ஏதாவது இருக்கிறதா இல்லையா என்பது அந்தப் புள்ளி புள்ளியான படத்தில் தெரியவில்லை.

அவளும் குளித்து முடித்து வர, மூன்று பேரும் அதை உற்றுப் பார்த்தோம்.

"காது குத்துச்சோ?" என்றேன்.

"எனுக்கு அம்பது வயசு ஆவப் போவுது. இப்ப யாரு வந்து காது குத்துவா?"

"இல்லமே, நோவுல குத்துச்சான்னு கேட்டேன்."

"யக்கா, உட்டுடு," என்றான் மச்சான். "மாமா, நீ பேசாம கட்டிட்டு போய்க்கினே இரு. நான் எல்லாம் அப்டிதான். இவுங்களோட மல்லுக்கட்ட முடியுமா? ஒரு அமுக்கு அமுக்குனா முடிஞ்சுது."

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. சிக்கல் வந்தால் காசைக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டுவது என்பது நான் நீண்ட காலமாகக் கடைப்பிடிக்கும் வீரம். கட்டைவிரலை 'பணம் செலுத்து' என்ற இடத்துக்குக் கொண்டுபோய்விட்டேன். அவள் ஈரத்தலையோடு பாய்ந்து போனைப் பிடுங்கினாள்.

"கட்டுனா, பேசுனேன்னு நானே ஒத்துக்கினதா ஆவும். அப்பால வேன் வேலைக்கு இன்னா சொல்றது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கல்பாக்கத்தில், டவுன்ஷிப்பிலிருந்து ஆட்களை வேலைக்கு ஏற்றிப்போகும் வேன்களை ஓட்ட ஒரு ஒப்பந்தக்காரர் ஆள் தேடிக்கொண்டிருந்தார். மாதச் சம்பளம், பி.எஃப்., வாரம் ஒரு நாள் லீவு. மீன்பிடித் தடைக் காலம் வந்தால், மீன் விற்கப் போகும் கூடைக்காரப் பெண்களுக்குச் சவாரி இல்லை, அவர்களுக்குச் சவாரி இல்லையென்றால் எங்கள் வீட்டில் வடகறி இல்லை. இந்தக் கவலையிலிருந்து தப்பிக்கவே அவள் அந்த வேலைக்காகப் பிரயத்தனப்பட்டாள். வேன் ஓட்டப் பழகி, அலைந்து திரிந்து லைசென்ஸில் அதையும் சேர்த்து வாங்கியிருந்தாள். ஒப்பந்தக்காரரின் மேனேஜர் ஒரே ஒரு நிபந்தனை சொல்லியிருந்தார். லைசென்ஸில் எந்தக் கறையும் இருக்கக் கூடாது. மழை முடிந்ததும் வண்டியை ஓட்டிக் காட்ட வரச் சொல்லியிருந்தார்.

அவள் பயந்ததைப் போலவே, சில நாளில் ஆர்டிஓ அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. போன் பேசிக்கொண்டே ஓட்டியதற்காக உங்கள் லைசென்ஸை ஏன் மூன்று மாதம் நிறுத்தி வைக்கக் கூடாது என்று அதில் கேட்டிருந்தார்கள். மூன்று மாதம் அவள் வீட்டில் உட்கார்ந்தால், அந்த வேனில் வேறு யாராவது உட்கார்ந்துவிடுவார்கள்.

நான் களத்தில் இறங்கினேன். இறங்கியிருக்கக் கூடாது.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. குற்றம் நடந்ததாகச் சொல்லும் நேரத்தில் அவள் போன் எங்கே இருந்தது? வீட்டில். அதற்குச் சாட்சி? அந்த போனேதான். அன்றைக்கு என் போனில் ரீசார்ஜ் முடிந்திருந்தது. வீட்டில் இருந்த அவள் போனை எடுத்து நான்தான் மச்சானிடம் பேசிக்கொண்டிருந்தேன். சரியாக அதே நேரம். ஆகவே போன் என்னிடம் இருந்தது. இதைவிட என்ன வேண்டும்? இரவு படுக்கும்போது என்னையே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் எங்கள் பக்கத்துப் போக்குவரத்துப் போலீஸ் அலுவலகத்துக்கு மூன்று பேரும் போனோம். அங்கிருந்த எஸ்ஐ நல்ல மனிதர். மேசையில் டீ ஆறிக்கொண்டிருந்தது. நாங்கள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார்.

"போன் கையிலயே இல்லன்றீங்க. எதுனா ப்ரூஃப் கீதா?"

நான் போனைத் திறந்து, அழைப்புகளின் பட்டியலைக் கொண்டுவந்து, வெற்றிக்கோப்பையை நீட்டுகிறவனைப் போல நீட்டினேன். "பாருங்க சார். அன்னிக்கு, கரெக்டா அதே டைமு."

எஸ்ஐ பார்த்தார். போட்டோவைப் பார்த்தார். மறுபடியும் போனைப் பார்த்தார்.

"இது யாரு போனு?"

"இவுங்களுது சார்."

"அதே டைம்ல இந்த போன்ல பேச்சு ஓடிக்கினு கீது."

"ஆமா சார்!"

"அப்ப அந்தம்மா பேசிக்கினுதான வந்துகிறாங்க?"

நீட்டிய போனை மெல்ல என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"இல்ல சார், பேசுனது நானு," என்றேன்.

"நீங்க ஆட்டோவுல இருந்தீங்களா?"

"இல்ல சார், வூட்ல. இதோ, இவன்கிட்டதான் பேசிக்கினு இருந்தேன்." மச்சானை முன்னால் தள்ளினேன்.

"ஆமா சார், மாமாதான் பேசுனாரு," என்றான் மச்சான். "நண்டு பத்தி."

"நீங்க இந்தம்மாவுக்கு இன்னா ஆவணும்?"

"தம்பி சார்."

எஸ்ஐ டீயை ஒரே மடக்கில் குடித்தார். "அண்ணாத்த, நான் ஒண்ணு சொல்றேன். இத்த யாருகிட்டயும் காட்டாத. போன் நம்பர் அவுங்களுது, பேச்சு அவுங்க தம்பிகிட்ட, படத்துல கை காதுல. நீயே கேஸ முடிச்சு கையில குடுக்கற." பிறகு அவள் பக்கம் திரும்பி, கொஞ்சம் வருத்தமாகவே சொன்னார். "நான் தள்ளுபடி பண்ண முடியாதும்மா. ஒத்துக்கலன்னா கோர்ட்டுக்குப் போங்க. அது உங்க உரிமதான். அங்க கேளுங்க."

வெளியே வந்ததும் அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. ஆட்டோவை ஸ்டார்ட் செய்துவிட்டு, "நண்டு பத்தி அவ்ளோ நேரம் இன்னாய்யா பேசுவீங்க?" என்று மட்டும் கேட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

திருப்பம் ஒரு காலைச் சவாரியில் வந்தது. அன்று எனக்கு வார லீவு. அவளோடு ஆட்டோவில் போனேன். பின்னால் வழக்கமான மூன்று கூடைக்காரப் பெண்கள். அதில் மூத்தவர், எல்லோரும் பெரியம்மா என்று கூப்பிடுகிறவர், கேஸ் என்னவாயிற்று என்று கேட்டார். நான் போட்டோவைத் திறந்து பின்னால் நீட்டினேன்.

பெரியம்மா போனைத் தூர வைத்துப் பார்த்தார், கிட்ட வைத்துப் பார்த்தார். "இது கங்கையம்மன் வளைவாச்சே. தோ, பின்னால கோயில் செவுரு தெரியுது பாரு."

"ஆமா, அங்கதான் புச்சா கேமரா வெச்சிகிறாங்க," என்றேன்.

"அப்ப இன்னாத்துக்கு ரோசன பண்ணிக்கினு கீறீங்க? கன்னத்துல போட்டுக்குது உன் பொண்டாட்டி. தெனிக்கும் போட்டுக்கும். நாங்களுந்தான் போட்டுக்குவோம்."

என் மனைவி சட்டென்று ஆட்டோவை ஓரம் கட்டினாள். "நானா? நான் எங்க போட்டுக்கறேன்?"

"யம்மா, இன்னா நீ? வண்டி வளைவுல திரும்பும், உன் கை தானா போவும். நீ பார்க்கவும் மாட்ட. இவ மாதா கோயிலுக்குப் போறவ, இவளே எங்களோட சேந்து போட்டுக்குவா."

மாதா கோயிலுக்குப் போகிறவர் சிரித்தார். "எல்லாரும் போட்டுக்கும்போது நான் மட்டும் கம்முனு குந்திகினு இருந்தா நல்லாவா இருக்கும்? அப்பால எங்க மாதா சிலை கீற கெபிகிட்ட வந்தா சிலுவையும் போட்டுக்குவேன்."

நாங்கள் மறுபடி கிளம்பினோம். கொஞ்ச தூரத்தில் வளைவு வந்தது. நான் மனைவியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோயில் கோபுரம் தெரிந்ததும் அவள் இடது கை எழுந்தது. பாதி வழியில் அதை அவளே பார்த்தாள். யாரோ முன்பின் தெரியாத ஆளின் கையைப் பார்ப்பதைப் போலப் பார்த்து, திரும்ப ஹேண்டில் பாரில் வைத்தாள். பின்னால் மூன்று பேரும் தடையில்லாமல் போட்டுக்கொண்டார்கள். நானும் போட்டுக்கொண்டிருந்தேன் என்பது, கை கன்னத்தில் பட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இத்தனை வருஷம் இந்தச் சாலையில் போகிறோம், ஒருநாளும் கவனித்ததில்லை.

இரவு அவள் சமைத்துக்கொண்டே சொன்னாள். "ஒரு போட்டோதான காட்றாங்க. கேமரா ஒண்ணுதான் எடுத்திருக்குமா? அதுக்கு முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு இருக்கும்ல? போன் பேசறவன் ஒரு காதுலதான் வெப்பான். நான் ரெண்டு கன்னத்துலயும் போட்டுக்கினு இருப்பேன். அத்தக் காட்டச் சொல்லிக் கேப்பேன்."

இது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று கேட்காதீர்கள். நான் அழைப்புப் பட்டியல் ஆள்.

செங்கல்பட்டில் கோர்ட்டுக்குப் போன அன்று, வராந்தாவிலேயே ஒரு வக்கீல் எங்களைப் பார்த்து, "சின்ன கேஸுதானே, ஒத்துக்கிட்டுப் போயிடுங்க," என்றார். உள்ளே எல்லோரும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். பெயரைக் கூப்பிடுவார்கள், குற்றத்தைப் படிப்பார்கள், ஒத்துக்கொள்கிறீர்களா என்பார்கள், ஒத்துக்கொள்கிறேன் என்பார்கள். பந்தியில் சாம்பார் ஊற்றும் வேகத்தில் நடந்தது. எனக்கு முன்னால் நின்ற ஒருவர், என்ன குற்றம் என்று படித்து முடிப்பதற்குள்ளாகவே ஒத்துக்கொண்டுவிட்டார். அந்த வேகத்தில், என் பெயரைக் கூப்பிட்டிருந்தால் நானும் எதையாவது ஒத்துக்கொண்டிருப்பேன்.

என் மனைவியைக் கூப்பிட்டார்கள். மாஜிஸ்திரேட் இளவயதுப் பெண். தலை நிமிராமலே கேட்டார். "ஒத்துக்கறீங்களா?"

"இல்லீங்கம்மா."

மாஜிஸ்திரேட் நிமிர்ந்தார். சாம்பார் நின்றது.

"போன் பேசலையா?"

"பேசலீங்கம்மா. கோயில் வந்துது, கன்னத்துல போட்டுக்கினேன். அந்தக் கேமராவுல முன்னாடி பின்னாடி எடுத்தது இருக்கும். அத்தப் பார்த்துட்டு சொல்லுங்கம்மா. போன் இருந்துச்சுன்னா நானே ஒத்துக்கறேன்."

எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. "மேடம், அன்னிக்கு போன் வந்து—" என்று ஆரம்பித்தேன். அவள் செருப்புக் கால் என் கால் மேல் ஏறி நின்றது. ஐம்பது வயதைத் தொடப் போகிறவளின் முழு எடையும் அதில் இருந்தது. நான் வாக்கியத்தை இருமலாக முடித்தேன்.

முழுப் பதிவையும் கொண்டுவரும்படி போலீசுக்கு உத்தரவிட்டு, அடுத்த வாய்தா கொடுத்தார் மாஜிஸ்திரேட்.

அந்த இடைப்பட்ட நாட்கள்தான் கஷ்டமானவை. மழை நின்றுவிட்டது. ஒப்பந்தக்காரரின் மேனேஜர் போன் செய்து, எப்போது வருகிறீர்கள் என்று கேட்டார். அவள் உள்ளதைச் சொன்னாள். பொய் சொல்லியிருக்கலாமே என்று நான் கேட்டதற்கு, "ஒரு பொய்க்கே கோர்ட்டுக்கு அலையறோம். அதுவும் நான் சொல்லாத பொய்," என்றாள். கொஞ்ச நாள் பார்க்கிறேன், அதற்கு மேல் முடியாது என்றாராம் மேனேஜர். அவள் காலைச் சவாரியில் அந்த வளைவு வரும்போதெல்லாம் இரண்டு கையையும் இறுக்கிப் பிடித்துக்கொள்வதாகப் பெரியம்மா என்னிடம் புகார் சொன்னார். "சாமியப் பார்த்து மொறைக்குதுபா உன் பொண்டாட்டி."

வாய்தா அன்று அதே எஸ்ஐ ஒரு லேப்டாப்போடு வந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "நண்டு அண்ணாத்த, சௌக்கியமா?" என்றார்.

லேப்டாப்பை மாஜிஸ்திரேட் பக்கம் திருப்பி வைத்தார்கள். நாங்கள் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தோம். சாலை காலியாக இருந்தது. பிறகு எங்கள் ஆட்டோ வளைவில் நுழைந்தது. கோயில் ஓரமாகத் தெரிந்தது. அவள் இடது கை எழுந்தது, இடது கன்னத்தைத் தொட்டது. அங்கேதான் அந்த போட்டோ. பதிவு நிற்காமல் ஓடியது. கை வலது கன்னத்துக்குப் போனது. மறுபடி இடது கன்னம். பிறகு நெஞ்சில் ஒரு தொடல். விரித்த உள்ளங்கை, வெறும் உள்ளங்கை, வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. அவள் தோளுக்குப் பின்னால் மூன்று பெண்களும், ஒத்திகை பார்த்தவர்கள் மாதிரி, ஒரே தாளத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆட்டோவுக்குப் பின்னால் பைக்கில் வந்தவரும் போட்டுக்கொண்டார்.

முதலில் சிரித்தவர் எஸ்ஐதான். கோர்ட்டில் சிரிக்கக் கூடாது என்று ஞாபகம் வந்து நிறுத்தினார். அதற்குள் பின்வரிசைவரை பரவிவிட்டது. லேப்டாப்பில் கோயில் கோபுரத்தைப் பார்த்த கோர்ட் கிளார்க்கின் கை மெதுவாக அவர் கன்னத்துக்குப் போனதை நான் பார்த்தேன். மாஜிஸ்திரேட்டும் பார்த்தார்.

"போன் இல்ல," என்றார் மாஜிஸ்திரேட். "ஆனா ஒண்ணு. ஓடுற வண்டியில ஒரு கையை எடுத்தீங்க. பின்னாடி மூணு பேர் உட்கார்ந்திருக்காங்க."

நான் இதற்கு ஒரு சாமர்த்தியமான பதில் வைத்திருந்தேன். செருப்புக் கால் அருகில் இருந்ததால் சொல்லவில்லை.

"ஆமாங்கம்மா," என்றாள் என் மனைவி. "அது தப்புதான். கை எடுக்கறதே எனக்குத் தெரியாம இருந்திருக்கு. இப்ப தெரிஞ்சுகினேன், இனிமே எடுக்க மாட்டேன். அதுக்கு இன்னா போடணுமோ போடுங்க, கட்டறேன். போன் பேசுனேன்னு மட்டும் எழுதாதீங்க."

மாஜிஸ்திரேட் பேனாவை எடுத்து எழுதினார். கைபேசிக் குற்றச்சாட்டு தள்ளுபடி. மற்றதற்கு எச்சரிக்கை. "கும்பிடணும்னா ஓரமா நிறுத்திட்டு இறங்கிக் கும்பிடுங்க," என்றார். "அம்மன் எங்கயும் ஓடிடாது."

வெளியே வந்து, எஸ்ஐ அவளிடம் சொன்னார். "நீங்க கேட்டதுனாலதான்மா தெரிஞ்சுது. எத்தினி பேரு கேக்காம கட்டிட்டுப் போறாங்களோ. கன்ட்ரோல் ரூம்ல சொல்லி அந்த வளைவுல மட்டும் ரெண்டு தடவ பார்க்கச் சொல்றேன்." கூட வந்திருந்த மச்சான் அன்று முழுக்க விரல்விட்டு எதையோ எண்ணிக்கொண்டிருந்தான். தான் இதுவரை ஒரு அமுக்கில் கட்டிய அபராதங்களை எல்லாம் மனதில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று நினைக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவை நியாயமானவை என்பது எனக்குத் தெரியும். சொல்லி அவன் மனதை நோகடிக்கவில்லை.

கோர்ட் உத்தரவின் நகலைக் காட்டியதும் ஆர்டிஓ அலுவலகத்தில் நோட்டீஸைக் கைவிட்டார்கள். அன்று மத்தியானமே அவள் மேனேஜருக்கு போன் செய்தாள். வேலை இன்னும் காலியாகத்தான் இருந்தது. உடனே வரச் சொன்னார்.

மேனேஜர் உத்தரவை முழுக்கப் படித்தார். நடுவில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "எந்த வளைவு?" என்று கேட்டார்.

"கங்கையம்மன் கோயிலாண்ட சார். புச்சா கேமரா வெச்சிகிறாங்களே."

"அங்க நானும் போட்டுக்குவேனேம்மா," என்று சொல்லி, தன் போனை எடுத்து, தன் கார் நம்பரைப் போட்டு எதையோ தேட ஆரம்பித்தார். ஒன்றும் இல்லை போலிருக்கிறது. பெருமூச்சு விட்டு, சாவியை எடுத்து அவளிடம் கொடுத்தார். அவர் பக்கத்து சீட்டில் ஏறிக்கொள்ள, வேன் கேட்டைத் தாண்டிப் போனது. நானும் ஏறலாமா என்று கேட்டதற்கு, "நீ பேசுவ," என்றாள்.

டீக்கடையில் நின்றேன். ஒரு டீ குடித்தேன். இன்னொன்றும் குடித்தேன். வேன் திரும்பி வந்தபோது மேனேஜர் இறங்கி, திங்கட்கிழமை முதல் வந்துவிடுங்கள் என்றார். அவள் "சரிங்க சார்" என்றாள். அவ்வளவுதான். ஆனால் கேட்டைத் தாண்டி வந்ததும், நான் எனக்கென்று வாங்கி வைத்திருந்த மசால்வடையைப் பிடுங்கி, நடுரோட்டில் நின்று முழுதாகத் தின்றாள். அவள் அப்படிச் சாப்பிட்டு நான் பார்த்து வெகு நாளாகியிருந்தது.

திங்கட்கிழமை காலை, ரிசார்ட்டுக்குப் போக பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தேன். சைக்கிள்களையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் தாண்டி அந்த வேன் வந்தது. உள்ளே முழுக்க ஆட்கள், பாதிப் பேர் தூக்கத்தில். கண்ணாடிக்குப் பின்னால் அவள். நான் இரண்டு கையையும் தூக்கி, மாநாட்டில் தலைவரைப் பார்த்தவன் மாதிரி ஆட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள். கையை எடுக்கவில்லை. மோவாயை மட்டும் ஒரு இம்மி தூக்கினாள், அவ்வளவுதான். ஜன்னலோரத்தில் விழித்திருந்த ஒருவர், யார் இந்த ஆள் என்று என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். வேன் மறையும் வரை ஆட்டிக்கொண்டிருந்தேன். அதற்குள் என் பஸ் வந்து, நின்று, என்னை விட்டுவிட்டுப் போயிருந்தது.